நிரல்மொழி வெளியீடுகளில் தமிழ் எழுத்தின் வரையறை: 'சேத்தியாத்தோப்பு' என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து (1991–2025)

ஆய்வுச் சுருக்கம்

நிரல்மொழிகளின் ஒவ்வொரு புதிய வெளியீடும் விரைவு, பாதுகாப்பு, எளிமை ஆகியவற்றின் பெயரால் அறிமுகப்படுத்தப்படுகிறது. அவ்வெளியீடுகளில் 'எழுத்து' என்பதற்குத் தரப்பட்ட வரையறை எவ்வாறு மாறிவந்தது என்பதைத் தமிழை மையமாகக் கொண்டு இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்பு என்னும் ஊர்ப்பெயர் சோதனைச் சொல்லாகக் கொள்ளப்படுகிறது. ஒரே பெயர் ஒரு காலத்தில் 48 அலகுகளாகவும், பின்னர் 16 ஆகவும், பிறிதொரு மொழியில் 8 ஆகவும் எண்ணப்பட்டது. இன்றும் பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் அது முற்றிலும் மறைந்து சுழியமாகிறது. வெளிப்படையாகத் தெரிந்த பிழைகள் வெளியீடுதோறும் களையப்பட்டன என்பதும், செய்தி ஏதும் தராத பிழைகள் எஞ்சி நிற்கின்றன என்பதும், அவை தமிழாய்வின் முடிவுகளைப் பாதிக்கக்கூடியவை என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிரல்மொழி, பைத்தான், யூனிகோடு, புள்ளி, உயிர்மெய், அடையாளப்பெயர், எழில், தரவகம்.

முன்னுரை

சேத்தியாத்தோப்பு, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரியத்துக்குத் தெற்கே, வெள்ளாற்றின் குறுக்கே அமைந்த அணைக்கட்டால் அறியப்படும் பேரூர். இப்பெயர் ஆங்கிலத்தில் ஒரே வகையாக எழுதப்படுவதில்லை. நடுவில் 'ஒய்' என்னும் எழுத்தை இட்டும் இடாமலும், ஈற்றை 'தோப்' என்றும் 'தோப்பு' என்றும் முடித்தும் எழுதும் வழக்குகள் உள்ளன. தமிழக ஊர்ப்பெயர்கள் பலவற்றுக்கும் இதுவே நிலை. 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி 2020 ஜூனில் வெளியான அரசாணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது இச்சிக்கலின் அளவைக் காட்டும். ஊர்ப்பெயரைத் தமிழிலேயே பதிந்து, தமிழிலேயே தேடி, தமிழிலேயே ஒப்பிடுவதுதான் இயல்பான தீர்வு என்று தோன்றும். அத்தீர்வு பலிக்குமா என்பது பதிவையும் தேடலையும் நிகழ்த்தும் நிரல்மொழி தமிழ் எழுத்தை எவ்வாறு கொள்கிறது என்பதைப் பொறுத்தது.

சோதனைச் சொல்லாக இப்பெயரைத் தெரிவதற்கு மொழியியல் காரணம் ஒன்று உண்டு. சே, த், தி, யா, த், தோ, ப், பு என இதில் எட்டு எழுத்துகள் உள்ளன. மூன்று மெய்கள், ஐந்து உயிர்மெய்கள். தனி உயிர் எதுவும் இல்லை. அகரமேறிய உயிர்மெய்யும் இல்லை. எனவே ஒவ்வோர் எழுத்தும் ஒரு புள்ளியையோ ஓர் உயிர்க்குறியையோ பெற்றே நிற்கிறது. புள்ளியையும் உயிர்க்குறியையும் நிரல்மொழி எவ்வாறு நடத்துகிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான சொல் கிடைப்பது அரிது.

1991இல் வெளியான யூனிகோடு முதற்பதிப்பு முதல் 2025 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.14 வரையிலான காலம் இக்கட்டுரையின் எல்லை. பைத்தான் முதன்மையாகவும், சி, ஜாவா, கோ, ரஸ்ட், ஸ்விஃப்ட் ஆகியவை ஒப்பீட்டுக்காகவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. குறியேற்றத்தின் அடித்தளம்

மெய்யெழுத்துப் புள்ளியொடு நிற்பதே அதன் இயல்பு என்பது தொல்காப்பிய நூன்மரபின் நிலைப்பாடு. புள்ளி நீங்கி அகரம் ஏறுவதும், பிற உயிர்கள் ஏறும்போது வடிவம் திரிவதும் அடுத்த நிலை. அதாவது 'க்' அடிப்படை. 'க' அதன்மேல் எழுந்தது. இந்திய மொழிகளுக்கென 1988இல் உருவாகி 1991இல் இந்தியத் தர நிறுவனத்தால் ஏற்கப்பட்ட இஸ்கி குறியேற்றம் இதற்கு நேர்மாறான பாதையை மேற்கொண்டது. தேவநாகரியை முன்மாதிரியாகக் கொண்ட அக்குறியேற்றத்தில் அகரமேறிய 'க' அடிப்படை. அதனுடன் ஒரு குறியைக் கூட்டினால்தான் 'க்' கிடைக்கும். 1988ஆம் ஆண்டின் இஸ்கி வரைவை ஒட்டியே யூனிகோடு தன் தமிழ்ப் பட்டியலை 1991இல் அமைத்தது. 128 இடங்கள் கொண்ட அப்பகுதியில் உயிர்களும் அகரமேறிய மெய்களும் 'எழுத்து' என்னும் வகையிலும், உயிர்க்குறிகளும் புள்ளியும் 'துணைக்குறி' என்னும் வகையிலும் வைக்கப்பட்டன.

பின்னர் வந்த நிரல்மொழிச் சிக்கல்கள் பெரும்பாலும் இவ்வகைப்பாட்டில் வேர்கொண்டவை. தமிழிலக்கணம் 247 எழுத்துகள் என்று எண்ணும் இடத்தில், கணினி சில எழுத்துகளையும் அவற்றுடன் ஒட்டும் சில குறிகளையும் மட்டுமே காண்கிறது. 'த்' என்பது இலக்கணத்தில் ஓர் எழுத்து. கணினியில் ஓர் எழுத்தும் ஒரு குறியும்.

1990களில் தமிழ்க் கணிமை யூனிகோடுக்கு வெளியே வளர்ந்தது. திஸ்கி குறியேற்றம் பரவலாகப் பயன்பட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் பல அதில் வெளியாயின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்து, தமிழக அரசு டாப், டாம் என்னும் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இவை அனைத்தும் தமிழைத் திரையில் காட்டுவதற்கும் அச்சிடுவதற்கும் போதுமானவையாக இருந்தன. ஆயினும் நிரல்மொழிக்கு அவை வெறும் எண்தொடர்களே. எந்த எண் மெய், எந்த எண் குறி என்பதை நிரல்மொழி அறிய வழியில்லை.

2. நாற்பத்தெட்டு: பைட்டுகளின் காலம்

2000 அக்டோபரில் வெளியான பைத்தான் 2.0 யூனிகோடு சரம் என்னும் தனி வகையைச் சேர்த்தது. ஆனால் மேற்கோள் குறிக்குள் இயல்பாக எழுதப்படும் சரம் பைட்டுகளின் தொடராகவே நீடித்தது. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிப்புள்ளிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. சேத்தியாத்தோப்பில் எட்டு எழுத்துகளும் இரண்டிரண்டு குறிப்புள்ளிகளாலானவை. ஆகக் குறிப்புள்ளிகள் 16, பைட்டுகள் 48. பெயரின் நீளம் என்ன என்று கேட்டால் பைத்தான் 2 தந்த விடை 48. முதல் நான்கு அலகுகளை மட்டும் வெட்டி எடுத்தால் 'ச' என்னும் எழுத்தும், அடுத்த ஏகாரக் குறியின் மூன்றில் ஒரு பங்கும் கிடைத்தன; திரையில் அது உடைந்த குறியாகத் தெரிந்தது.

நிரலின் மூலக்கோப்பில் தமிழை எழுதுவதற்கும் தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. 2003 ஜூலையில் வெளியான 2.3 பதிப்பு, கோப்பின் தலைப்பில் குறியேற்றத்தை அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அவ்வறிவிப்பு இன்றித் தமிழ் எழுதப்பட்டால் எச்சரிக்கை வந்தது. 2006இல் வந்த 2.5 பதிப்பு முதல் நிரல் பிழையென நின்றது.

இக்காலத்தில்தான் 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி உருவாயிற்று. முத்தையா அண்ணாமலை 2007 அளவில் தொடங்கி, 2009இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டு, 2013இல் திறமூலமாக்கிய இம்மொழி, பைத்தானின் மேல் இயங்கும்படி எழுதப்பட்டது. பதிப்பி, நிரல்பாகம், பின்கொடு, நிறுத்து, தொடர் என அதன் கட்டளைச்சொற்கள் தமிழில் அமைந்தன. அதனினும் குறிப்பிடத்தக்கது அதன் தொடரமைப்பு. ஆங்கில வழி நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் வந்து நிபந்தனை பின்னர் வரும். எழிலில் நிபந்தனை அடைப்புக்குறிக்குள் முதலில் வருகிறது. 'ஆனால்', 'வரை', 'ஆக' ஆகிய சொற்கள் அதன்பின் வருகின்றன. நிபந்தனையை இறுதியில் உணர்த்தும் தமிழ்த் தொடரியலுக்கு இது இசைந்தது. சொல்லை மொழிபெயர்ப்பதோடு நில்லாமல், சொற்கிடக்கையையும் தமிழாக்கிய முயற்சி என்பதால் எழிலுக்குத் தமிழ்க் கணிமை வரலாற்றில் தனி இடம் உண்டு.

3. பதினாறு: பைத்தான் 3.0 செய்த மாற்றம்

2008 டிசம்பர் 3 அன்று வெளியான பைத்தான் 3.0, பழைய பதிப்புகளுடனான ஒத்திசைவைக் கைவிட்டு மூன்று மாற்றங்களைச் செய்தது. சரம் அனைத்தும் யூனிகோடு சரமாயின. மூலக்கோப்பின் இயல்புக் குறியேற்றம் யூ.டி.எஃப்-8 ஆயிற்று. மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் ஆங்கிலமல்லாத எழுத்துகளில் பெயரிட இசைவு கிடைத்தது. சேத்தியாத்தோப்பின் நீளம் 48இலிருந்து 16 ஆகக் குறைந்தது.

மூன்றாம் மாற்றத்துக்கு அடிப்படை, மார்ட்டின் ஃபான் லோவிஸ் 2007இல் எழுதிய பெப் 3131 என்னும் முன்மொழிவு. ஆங்கிலப் பயிற்சி குறைந்தோரும் நிரல் எழுதுகின்றனர். அவர்கள் தம் மொழியில் பெயரிட முடிந்தால் நிரல் தெளிவுபெறும் என்பது அதன் வாதம். படிப்போருக்குப் புரியாத எழுத்துகளில் நிரல்கள் பெருகும், ஒத்த தோற்றமுடைய எழுத்துகள் ஏமாற்றுக்கு இடந்தரும் என்னும் எதிர்வாதங்களும் எழுந்தன. இறுதியில் முன்மொழிவு ஏற்கப்பட்டது. ஆனால் பைத்தானின் சொந்த நூலகத்தில் ஆங்கில எழுத்துகளில் அமைந்த பெயர்களே இருக்க வேண்டும் என்னும் விதியும் உடன் சேர்ந்தது.

தமிழைப் பொறுத்தவரை முன்மொழிவின் உயிர்நாடி அடையாளப்பெயருக்கான இலக்கணத்தில் உள்ளது. யூனிகோடின் 31ஆம் இணைப்பு, அடையாளப்பெயரைத் தொடங்கக்கூடியவை, தொடரக்கூடியவை என்று குறிப்புள்ளிகளை இரண்டாகப் பிரிக்கிறது. துணைக்குறிகள் ஒரு பெயரைத் தொடங்க முடியாது, தொடர முடியும். சொல்லின் முதலில் புள்ளியோ உயிர்க்குறியோ தனித்து வருவதில்லை என்பதால் இப்பாகுபாடு தமிழுக்கு முற்றிலும் பொருந்துகிறது. பைத்தான் இதை ஏற்றதால் 'சேத்தியாத்தோப்பு' ஒரு மாறியின் பெயராகத் தகுதி பெற்றது.

இன்னொரு நுட்பமும் அம்முன்மொழிவில் அடங்கியிருந்தது. 'தோ' என்னும் எழுத்தைத் தகரத்துடன் ஓகாரக் குறியைச் சேர்த்து எழுதலாம். ஏகாரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே அடுத்தடுத்துச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முதலாவதில் ஊர்ப்பெயர் 16 குறிப்புள்ளிகள், இரண்டாவதில் 17. பைத்தான் அடையாளப்பெயர்களை இயல்பாக்கம் செய்து இரண்டையும் ஒன்றெனக் கொள்கிறது. ஜாவா அவ்வாறு செய்வதில்லை. அதன் விவரக்குறிப்பு இத்தகைய இரு வடிவங்களும் வெவ்வேறு பெயர்கள் என்று வெளிப்படையாகவே கூறுகிறது.

ஆனால் பைத்தானின் இயல்பாக்கம் பெயர்களோடு நின்றுவிடுகிறது, சரங்களைத் தொடுவதில்லை. ஓர் அட்டவணையில் 16 குறிப்புள்ளி வடிவிலும் மற்றோர் அட்டவணையில் 17 குறிப்புள்ளி வடிவிலும் ஊர்ப்பெயர் இருந்தால், இரண்டையும் இணைக்கும் நிரல் அவற்றை இரு ஊர்களாகவே எண்ணும். அருகிலுள்ள ஸ்ரீமுஷ்ணம் இன்னும் கடினமான நிலையில் இருக்கிறது. 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் தனியொரு சகரக் கிரந்த எழுத்துச் சேர்க்கப்பட்டபின், 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தைக் கொண்டும் புதிய எழுத்தைக் கொண்டும் எழுத முடிகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. இவ்வூரைத் திருமுட்டம் என்று எழுதும் வழக்கு இச்சிக்கலை எழுப்புவதில்லை.

4. பெயரிடும் உரிமை: 'பல'வும் 'சில'வும்

பைத்தானுக்கு முன்பே சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிலை தமிழுக்கு இடமளித்திருந்தது. அதன் 'டி' பின்னிணைப்பு, அடையாளப்பெயர்களில் வரத்தக்க எழுத்துகளை மொழிவாரியாகப் பட்டியலிட்டபோது தமிழையும் பெயர்சொல்லிக் குறித்தது. உயிர்க்குறிகளும் புள்ளியும் அப்பட்டியலில் இருந்தன. 2005இல்தான் யூனிகோடில் இடம்பெற்ற சகரக் கிரந்த எழுத்து மட்டும் அதில் இருக்க வாய்ப்பில்லை. எனினும் தரநிலை வேறு, நடைமுறை வேறு. பரவலாகப் பயன்படும் ஜி.சி.சி தொகுப்பி, அடையாளப்பெயரில் தமிழை யூ.டி.எஃப்-8 முறையில் நேரடியாக எழுத இசைந்தது 2020 மே மாதம் வெளியான 10ஆம் பதிப்பில்தான். தாளில் கிடைத்த உரிமை விசைப்பலகைக்கு வர 21 ஆண்டுகள் ஆயின.

கோ மொழியின் வரலாறு வேறுவகையானது. அதை வடிவமைத்த மூவருள் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் யூ.டி.எஃப்-8 குறியேற்றத்தையே உருவாக்கியவர்கள். 2009 நவம்பரில் வெளியான அம்மொழி, பெயரில் யூனிகோடு எழுத்தும் எண்ணும் வரலாம் என்னும் எளிய விதியை வகுத்தது. எழுத்து என்னும் வகைக்குள் துணைக்குறிகள் அடங்காதவை. இவ்விலக்கு எண்ணித் துணிந்தது என்பதையும், அதனால் தேவநாகரி போன்றவை விடுபடுகின்றன என்பதையும் மொழியின் அதிகாரப்பூர்வ வினா-விடைப் பகுதியே ஒப்புக்கொள்கிறது. தமிழும் அவ்வாறே விடுபட்டது. 'பல' என்று பெயரிட்டால் கோ ஏற்கும். அதில் இரண்டும் அகரமேறிய எழுத்துகள். 'சில' என்று பெயரிட்டால் இகரக் குறியைக் கண்டு மறுக்கும். மேலும், ஒரு பெயரைப் பிற தொகுதிகளுக்கு வெளிப்படுத்த அது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது கோவின் விதி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே இல்லாத தமிழில் 'பல'வும் தன் தொகுதியைத் தாண்ட இயலாது.

ரஸ்ட் மொழி தாமதித்தது. ஆனால் கவனத்துடன் நடந்தது. 2021 ஜூன் 17 அன்று வெளியான 1.53 பதிப்பு, 31ஆம் இணைப்பைப் பின்பற்றி ஆங்கிலமல்லாத பெயர்களுக்கு இடமளித்தது. பெயர்கள் இயல்பாக்கம் பெற்றன. தோற்றத்தால் மயங்கும் பெயர்களுக்கு எச்சரிக்கை தரும் ஏற்பாடும் உடன் வந்தது. ஔகாரத்தை உரிய எழுத்தால் எழுதாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு எழுதும் பழக்கத்தை அறிந்த தமிழாய்வாளர்க்கு, தோற்ற மயக்கம் என்னும் அச்சம் பொய்யன்று என்பது விளங்கும். அதே காலத்தில் சி++ மொழியின் 2023ஆம் ஆண்டுத் தரநிலையும், சி மொழியின் புதிய தரநிலையும் 31ஆம் இணைப்பையே தழுவின. பெயரிடும் உரிமையைப் பொறுத்தவரை, விதிகள் ஒரே திசையில் குவிந்துள்ளன. கோ விலகி நிற்கிறது.

5. எட்டு: இலக்கண எண்ணிக்கையை நெருங்கிய வெளியீடு

சேத்தியாத்தோப்பில் எத்தனை எழுத்துகள் என்னும் வினாவுக்குத் தொடக்கப்பள்ளி மாணவர் தரும் விடை எட்டு. அவ்விடையைக் கூடுதல் நூலகம் எதுவுமின்றித் தந்த மொழிகளுள் ஒன்று, 2014இல் வெளியான ஸ்விஃப்ட். சரத்தின் அடிப்படை அலகாக அது குறிப்புள்ளியைக் கொள்ளாமல், யூனிகோடின் 29ஆம் இணைப்பு வரையறுக்கும் விரிந்த எழுத்துத் திரளைக் கொண்டது. 2008இல் அவ்விணைப்பு விரிவாக்கப்பட்டபின், மெய்யும் அதை ஒட்டும் உயிர்க்குறியும் சேர்ந்து ஒரே திரளாகக் கருதப்படுகின்றன. அதற்கான எடுத்துக்காட்டாக ஆவணத்தில் தமிழ் 'நி' இடம்பெற்றுள்ளது. சரங்களை ஒப்பிடும்போதும் ஸ்விஃப்ட், 'தோ'வின் இரு வடிவங்களையும் ஒன்றெனவே கொள்கிறது.

எட்டு என்னும் விடையை வேறொரு வழியில் தர முயன்றது தமிழக அரசின் டேஸ்16 குறியேற்றம். 2010 ஜூன் 23 அன்று, கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின் தொடக்க நாளில், யூனிகோடும் டேஸ்16உம் தரப்படுத்தப்பட்ட குறியேற்றங்களாக அறிவிக்கப்பட்டன. டேஸ்16இல் ஒவ்வொரு மெய்க்கும் உயிர்மெய்க்கும் தனி இடம் உண்டு; ஆகவே ஊர்ப்பெயர் சரியாக எட்டு அலகுகள். ஆனால் அவ்விடங்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்தவை. அப்பகுதிக்கு எழுத்து என்னும் தகுதியோ குறி என்னும் தகுதியோ இல்லை. அதனால் பைத்தான் உள்ளிட்ட மொழிகள் டேஸ்16 சொல்லைப் பெயராக ஏற்பதில்லை. இலக்கணத்துக்கு நெருங்கிய குறியேற்றம் நிரல்மொழிக்குத் தொலைவானது இவ்வரலாற்றின் முரண்.

பைத்தானின் சொந்த நூலகத்தில் எழுத்துத் திரளைப் பிரிக்கும் வசதி 3.14 வரை இல்லை. எழிலின் உடன்பிறப்பாக வளர்ந்த ஓப்பன்-தமிழ் நூலகம் அவ்விடைவெளியை நிரப்புகிறது. சொல்லை எழுத்துகளாகப் பிரித்து எட்டு என்னும் விடையைத் தருகிறது.

6. சுழியம்: மறையும் ஊர்

தமிழாய்வுக்கு மிக நெருக்கமான சிக்கல் இனி வருவது. ஓர் உரையிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்கச் சுருங்குறித்தொடர் பயன்படுகிறது. அதில் 'சொல்லுக்குள் வரக்கூடிய எழுத்து' என்பதற்கு ஒரு சுருக்கக் குறி உண்டு. யூனிகோடின் சுருங்குறித்தொடர் வழிகாட்டி, இவ்வகையில் துணைக்குறிகளையும் சேர்க்குமாறு பரிந்துரைக்கிறது. பெர்ல் அதைப் பின்பற்றுகிறது. 2011இல் வெளியான ஜாவா 7 உரிய தேர்வை இட்டால் பின்பற்றுகிறது. ரஸ்டின் நூலகமும் பின்பற்றுகிறது. பைத்தானின் உள்ளமைந்த நூலகம் பின்பற்றுவதில்லை. அதற்குச் சொல்லெழுத்து என்பது எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே.

விளைவைச் சோதனைச் சொல்லிலேயே காணலாம். சேத்தியாத்தோப்பு என்னும் பெயரிலிருந்து சொற்களைப் பிரிக்குமாறு கேட்டால் பைத்தான் எட்டுத் துண்டுகளைத் தருகிறது: ச, த, த, ய, த, த, ப, ப. ஒவ்வோர் எழுத்திலும் துணைக்குறி இருப்பதால் ஒவ்வொரு குறியிலும் சொல் உடைகிறது. 'தமிழகம்' என்னும் சொல் 'தம', 'ழகம' என்று இரண்டாகிறது. இதே சொல் மாறியின் பெயராகத் தகுமா என்று கேட்டால் அதே பைத்தான் தகும் என்கிறது. இச்சரம் முழுவதும் எழுத்துகளாலானதா என்று கேட்டால் இல்லை என்கிறது. ஒரே மொழிக்குள் எழுத்துக்கு இரு வரையறைகள் இயங்குகின்றன.

சொல்லடைவு, சொல்நிகழ்வெண், உரை வகைப்பாடு ஆகியவற்றுக்கு ஆய்வாளர் பலர் நாடும் சைக்கிட்-லேர்ன் என்னும் நூலகத்தில் சிக்கல் மேலும் ஆழமாகிறது. அதன் சொல் எண்ணும் கருவி, இயல்பு அமைப்பில், இரண்டோ அதற்கு மேலோ சொல்லெழுத்துகள் தொடர்ந்து வந்தால்தான் அதைச் சொல்லாக ஏற்கும். ஓரெழுத்துத் துண்டுகளைக் களையும். சேத்தியாத்தோப்பின் எட்டுத் துண்டுகளும் ஓரெழுத்துத் துண்டுகள். எனவே ஆயிரம் பக்கத் தரவில் அவ்வூர் எத்தனை முறை வந்திருந்தாலும் அட்டவணையில் அதற்குரிய எண்ணிக்கை சுழியம். பிழைச்செய்தி எதுவும் வராது, அட்டவணை ஒழுங்காக நிரம்பியிருக்கும், வரைபடமும் கிடைக்கும். துண்டுகள் தமிழ் எழுத்துகளாகவே தோன்றுவதால் விரைந்து நோக்குவோர் கண்ணுக்குத் தவறு படாமலும் போகலாம்.

இதற்கான மாற்று எளிது. இடைவெளியையும் நிறுத்தக்குறியையும் கொண்டு சொற்களைப் பிரிக்கலாம். தமிழ்ப் பகுதியின் குறிப்புள்ளி எல்லையை வெளிப்படையாகக் குறிக்கலாம். சரங்களை முதலில் இயல்பாக்கம் செய்யலாம். சிக்கல் உண்டு என்று அறிவதே கடினமான பகுதி.

7. எண்ணும் பின்னமும்

எழுத்தைப் போலவே எண்ணின் வரையறையும் வெளியீடுகளோடு மாறியது. தமிழ் எண்களில் சுழியத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 2005இல். இன்று '௨௦௨௫' என்னும் சரத்தை எண்ணாக மாற்றுமாறு கேட்டால் பைத்தான் 2025 என்று சரியாக மாற்றும். கல்வெட்டும் ஓலையும் பயன்படுத்திய மரபில் அமைந்த '௨௲௨௰௫' என்பதை மாற்றாது. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றின் குறிகள் இலக்கமாக வகைப்படுத்தப்படாததே காரணம். அவற்றின் மதிப்பைத் தனித்தனியே கேட்டறியலாம். கூட்டிப் பெருக்கும் விதியை ஆய்வாளரே எழுத வேண்டும்.

2019 மார்ச்சில் வெளியான யூனிகோடு 12.0, பின்னங்களும் அளவைக் குறிகளுமாக 51 தமிழ்க் குறியீடுகளைச் சேர்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பைத்தான் 3.8 அவற்றின் பெயரையும் மதிப்பையும் அறிந்திருந்தது. முந்திரிக்குரிய குறியின் மதிப்பைக் கேட்டால் முந்நூற்றிருபதில் ஒன்று, அதாவது 0.003125 என்னும் விடை கிடைக்கும். நிலவரி ஆவணங்களை ஆராய்வோருக்கு அவ்வெளியீட்டின் மிகப் பயனுள்ள புதுமை இது. வெளியீட்டு அறிவிப்புகளில் யூனிகோடு தரவுத்தளம் புதுப்பிக்கப்பட்டது என்னும் ஒற்றை வரிக்குள் இத்தகைய புதுமைகள் அடங்கிவிடுகின்றன.

8. புள்ளியில் நிற்கும் கோப்பு: 3.14இன் நிலை

2025 அக்டோபர் 7 அன்று வெளியான பைத்தான் 3.14, வார்ப்புருச் சரங்கள், வகைக்குறிப்புகளைத் தேவைப்படும்போது மட்டும் மதிப்பிடும் முறை, பல இழைகள் ஒருங்கே இயங்கும் கட்டமைப்புக்கு அதிகாரப்பூர்வ ஆதரவு ஆகியவற்றைத் தலையாய புதுமைகளாக முன்வைத்தது. தவறாகத் தட்டச்சிட்ட கட்டளைச்சொல்லுக்குச் சரியான வடிவத்தைப் பரிந்துரைக்கும் பிழைச்செய்தியும் அதில் உண்டு. பரிந்துரைக்கப்படுபவை ஆங்கிலச் சொற்களே.

தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது எழும் பழைய இடர் அப்பதிப்பிலும் தொடர்கிறது. ஆங்கில அமைப்பில் இயங்கும் விண்டோஸ் கணினியில் குறியேற்றத்தைக் குறிப்பிடாமல் ஒரு கோப்பைத் திறந்தால், பைத்தான் அதை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய 1252ஆம் குறித்தொகுதியாகப் படிக்கிறது. தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட்டின் மதிப்பு 141. அத்தொகுதியில் 141க்கு எழுத்து ஏதும் ஒதுக்கப்படவில்லை. எனவே சேத்தியாத்தோப்பு என்று தொடங்கும் கோப்பு 12ஆவது பைட்டில், முதல் தகர மெய்யின் புள்ளியில், பிழையுடன் நிற்கிறது.

ஜாவா இவ்விடரை 2022 மார்ச்சில் வெளியான 18ஆம் பதிப்பில் நீக்கி, யூ.டி.எஃப்-8ஐ இயல்பாக்கியது. பைத்தானில் 2018இன் 3.7 பதிப்பு அதை விருப்பத் தேர்வாகத் தந்தது. இனாடா நவோக்கி எழுதி ஏற்கப்பட்ட பெப் 686, 3.15 பதிப்பிலிருந்து அதை இயல்பு நிலையாக்குகிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. புள்ளியும் உயிர்க்குறியும் 'எழுத்து' அல்ல, 'துணைக்குறி' என்னும் 1991ஆம் ஆண்டு வகைப்பாடே பின்னாளைய நிரல்மொழிச் சிக்கல்கள் பலவற்றின் ஊற்று. அவ்வகைப்பாட்டை நேரடியாக எடுத்துக்கொண்ட இடங்களில் தமிழ்ச் சொல் சிதைகிறது; 29, 31ஆம் இணைப்புகளின் வழியே எடுத்துக்கொண்ட இடங்களில் சொல் முழுமையாக நிற்கிறது.

2. ஒரே ஊர்ப்பெயருக்கு 48, 16, 8, 0 என நான்கு விடைகள் கிடைப்பது, எழுத்து என்னும் கருத்து நிரல்மொழிக்கு நிரல்மொழியும், ஒரே மொழியின் பகுதிக்குப் பகுதியும் வேறுபடுவதைக் காட்டுகிறது.

3. வெளிப்படையாகத் தடுக்கும் பிழைகள் காலப்போக்கில் பெரும்பாலும் களையப்பட்டுள்ளன. மூலக்கோப்பில் தமிழை மறுத்தல் 2008இல் முடிவுக்கு வந்தது. கோப்பைத் திறக்கும்போது நிற்கும் பிழை முடிவை நெருங்குகிறது. செய்தி தராத பிழைகளான சரங்களின் இரு வடிவ வேறுபாடும், சொல்லெழுத்து வரையறையும் பைத்தானில் 3.14 வரை தொடர்கின்றன. தடைப்படும் பயனர் முறையிடுகிறார். தவறான அட்டவணையைப் பெறும் பயனர்க்கு முறையிடக் காரணம் தெரிவதில்லை.

4. ஆகவே கணினிவழித் தமிழாய்வில் சொற்கள் எவ்வாறு பிரிக்கப்பட்டன, சரங்கள் இயல்பாக்கம் பெற்றனவா, எந்தப் பதிப்பு பயன்பட்டது என்னும் மூன்று விவரங்கள் ஆய்வுமுறையின் பகுதியாகக் குறிக்கப்பட வேண்டும். பதிப்பாசிரியர் தாம் ஒப்புநோக்கிய சுவடிகளை அறிவிப்பதற்கு நிகரான கடமை இது.

தொல்காப்பியர் எழுத்தின் தொகையையும் வடிவையும் கூறிய பின்னரே சொல்லுக்குச் சென்றார். நிரல்மொழியின் புதிய வெளியீட்டை மதிப்பிடும் தமிழாய்வாளரும் அவ்வரிசையையே பின்பற்றலாம். அறிவிப்பின் தலைப்பில் உள்ள புதுமைகளைக் காணுமுன், புள்ளி வைத்த ஒரு சொல்லை அதனிடம் கொடுத்து, அது முழுமையாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சேத்தியாத்தோப்பு என்னும் பெயரே போதுமானது.